பனியாற்றில் கிடைத்த கை யாருடையது?

அணுசக்தி நகரில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "1966இல் அணு விஞ்ஞானி ஹோமி பாபா போன ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் தொடரில் இருக்கும் மோன் பிளாங் மலையில் மோதியது. அந்த மலைச்சரிவில் 2017இல் ஒரு கையும் ஒரு காலின் மேல்பகுதியும் கிடைத்தன என்று படித்தேன். ஐம்பது வருஷம் கழித்து அது யாருடையது என்று சொல்ல முடியுமா? பாபாவுடையது என்றால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்களா? டிஎன்ஏ எடுத்தால் தெரிந்துவிடாதா?"

நான் மும்பையில் தடய அறிவியல் ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கடைசிக் கேள்வியை வேலையில் இருந்த காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். டிஎன்ஏ எடுப்பது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. எடுத்ததை யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் பாதி வழக்குகள் நின்றுபோகின்றன. பனி ஒரு பக்கத்து ஆதாரத்தை ஐம்பது வருஷம், எழுபது வருஷம் காப்பாற்றி வைத்துவிடும். மறுபக்கத்து ஆதாரம் வீட்டில் இருக்க வேண்டும்: உறவுக்காரர்கள், பழைய கைரேகை, பல் மருத்துவரின் படம், இப்படி ஏதாவது. அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல டிஎன்ஏ கிடைத்தாலும் பெயர் வராது.

மோன் பிளாங் விஷயத்தில் அதற்கும் முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மோதிய ஏர் இந்தியா விமானம் ஒன்று இல்லை, இரண்டு. 1950 நவம்பர் 3ஆம் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானம் 48 பேரோடு மோதியது. பயணிகளில் பெரும்பாலோர் கப்பல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இந்திய மாலுமிகள். 1966 ஜனவரி 24ஆம் தேதி 'காஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707 விமானம் 117 பேரோடு ஏறக்குறைய அதே இடத்தில் மோதியது. இரண்டும் பம்பாயிலிருந்து கிளம்பி, ஜெனீவாவில் இறங்க வேண்டியவை. பாபா வியன்னாவில் நடக்கவிருந்த சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆக, அந்தச் சரிவில் ஒரு எலும்பு கிடைத்தால் பட்டியலில் 165 பெயர்கள். அந்த மலையில் இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஏறி, திரும்பாமல் போனவர்கள் வேறு.

2017இல் அவற்றைக் கண்டெடுத்தவர் வருஷக்கணக்காக அந்தப் பனியாற்றில் விமான மிச்சங்களைத் தேடிவந்த ஒரு பிரெஞ்சுக்காரர். அதே தேடலில் ஒரு ஜெட் இன்ஜினும் கிடைத்ததால் 1966 விமானமாக இருக்கலாம், ஒருவேளை பெண் பயணியாக இருக்கலாம் என்று சொன்னார். கான்ஸ்டலேஷன் விசிறி இன்ஜின் விமானம் என்பதால் அவர் நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் பனியாற்றில் பக்கத்தில் கிடந்தது என்பது அவ்வளவு வலுவான சாட்சி இல்லை.

பனியாறு பெயருக்கேற்றபடி ஓடுகிறது. நடுவில் வேகம், ஓரத்தில் மெதுவு. மேல்தளத்தில் வேகம், அடியில் பாறையோடு உரசுகிற இடத்தில் மெதுவு. மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் ஃபாஸ்ட் லோக்கலும் ஸ்லோ லோக்கலும் தாணே போய்ச் சேரும் நேரம் வேறு அல்லவா, அதுபோலத்தான். ஒரே விமானத்தின் இரண்டு துண்டுகள் இருபது வருஷ இடைவெளியில் வெளியே வரலாம். பதினாறு வருஷ இடைவெளியில் மோதிய இரண்டு விமானங்களின் துண்டுகள் ஒரே கோடையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கலாம். மேலே, பனி சேருகிற பகுதியில் விழுந்தது வருஷா வருஷம் புதுப்பனிக்கு அடியில் புதைந்து, ஆழத்துக்குப் போய், கீழே பனி உருகுகிற பகுதிக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும்.

இது ஓர் ஒழுங்கோடு நடப்பதால் கணக்குப் போடவும் முடியும். 1820இல் இதே மலையில் ஒரு பனிச்சரிவு மூன்று வழிகாட்டிகளைப் பனிவெடிப்புக்குள் தள்ளிவிட்டது. பனியாறுகளின் வேகத்தை அளந்துவந்த ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், அவர்கள் சுமார் நாற்பது வருஷத்தில் கீழே வெளிப்படுவார்கள் என்றார். 1861இல் போசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் எலும்புகளும் துணிகளும் வெளியே வந்தன. அன்றைக்கு உயிர் தப்பிய ஒரு வழிகாட்டி கிழவராகி இன்னும் இருந்தார். பார்த்து யார் யார் என்று சொன்னது அவர்தான். டிஎன்ஏ என்ற சொல்லே இல்லாத காலத்தில் ஒப்பிட ஒரு மனிதரின் ஞாபகம் மிச்சமிருந்தது!

இப்போது அதே கணக்கைக் கணினியில் பின்னோக்கிப் போடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் அலெச் பனியாற்றில் 1926இல் காணாமல் போன சகோதரர்களின் எலும்புகள் 2012இல் கிடைத்தன. டிஎன்ஏ வழியாகக் குடும்பம் உறுதியான பிறகு, ஜூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பனியோட்ட மாதிரியை வைத்து அவர்கள் எங்கே இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். உடல்கள் பனியோடு 10 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து வந்திருந்தன.

சரி, நம் கைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டிய சோதனை மலிவானது: ஆணா பெண்ணா. எக்ஸ், ஒய் குரோமோசோம்களைப் பிரித்துக்காட்டும் ஒரு குறியீடு வழக்கமான டிஎன்ஏ சோதனைப் பெட்டியிலேயே இருக்கிறது. கையின் அளவைப் பார்த்துப் பெண் என்று சொல்வதை நான் நம்ப மாட்டேன். ஐம்பது வருஷம் உறைந்து காய்ந்த கை சுருங்கித்தான் இருக்கும். பெண் என்று சோதனை சொன்னால் பாபா பற்றிய கேள்வி அங்கேயே முடிந்தது. கையையும் காலையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒன்றாகக் கிடைத்தன என்பதற்காக ஒரே ஆளுடையவை ஆகிவிடாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1950ஆ 1966ஆ என்பதை உடலே சொல்லும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு சோதனை நடத்தியதால் காற்றில் கார்பன்-14 எகிறியது. 1963இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த காலத்தில் வட அரைக்கோளத்தில் அது இயல்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பயிர் அதை இழுத்துக்கொண்டது, பயிரைத் தின்ற நாமும் வாங்கிக்கொண்டோம். கை நகம் அடியிலிருந்து நுனிவரை வளர ஆறு மாதம் ஆகும். அதனால் நகத்தில் இருப்பது கடைசி சில மாதங்களின் சாப்பாடு. 1950 நவம்பரில் இறந்தவரின் நகத்தில் குண்டுக் கார்பன் இருக்கவே முடியாது. 1966 ஜனவரியில் இறந்தவரின் நகத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கும். எலும்பு இதற்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் பெரியவர்களின் எலும்பு தன் கார்பனை மாற்றிக்கொள்ளப் பல வருஷம் எடுக்கும். அணு விஞ்ஞானி போன விமானத்தைப் பிரித்துக்காட்ட அணுகுண்டுப் புகை உதவுகிறது என்பதைக் கேட்டால் பாபாவே சிரித்திருப்பார். ஒரு எச்சரிக்கை: அப்புறம் அந்த அளவு படிப்படியாக இறங்கிவிட்டதால், சமீபத்தில் இறந்த ஒரு மலையேறியின் நகம் 1950களைச் சேர்ந்ததுபோலத் தோன்றலாம். அதை உடையும் காலணியும் பார்த்துத் தீர்க்கலாம்.

பனிக்குள் உடல் அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சில சமயம் அப்படித்தான். 1991இல் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில் கிடைத்த 'எட்ஸி' 5300 வருஷத்துக்கு முந்தைய மனிதன். முதலில் வந்தவர்கள் சமீபத்தில் இறந்த மலையேறி என்று நினைத்து, காற்றழுத்த டிரில் வைத்துத் தோண்டி இடுப்பைச் சேதப்படுத்திவிட்டார்கள். ஆனால் அவன் ஓடாத பனியில், ஒரு பள்ளத்தில் கிடந்தவன். ஓடுகிற பனியாற்றுக்குள் போன உடலைப் பனி இழுத்து, நெரித்து, துண்டாக்கிவிடும். உடலின் கொழுப்பு ஈரத்தில், காற்றில்லாத இடத்தில் மெழுகுபோன்ற வெள்ளைப் பொருளாக மாறும். அது உள்ளே இருப்பதைக் கொஞ்சம் காப்பாற்றும். உண்மையான சேதம் வெளியே வந்த பிறகுதான். பகலில் உருகி, ராத்திரியில் உறைந்து, வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டால் ஒன்றிரண்டு கோடையில் டிஎன்ஏ நாசமாகிவிடும். அதனால் கண்டவர் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு போலீஸுக்குச் சொல்ல வேண்டும். ஆய்வகம்வரை உறைந்த நிலையிலேயே வர வேண்டும். தொட்டவர் எல்லாரும் தங்கள் மாதிரியைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் அறிக்கையில் தூக்கி வந்தவருடைய டிஎன்ஏவும் கலந்திருக்கும்.

தொடை எலும்பின் தண்டு கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம்தான். உடலில் கெட்டியான எலும்புகளில் அது ஒன்று. கையில் நகமும் நல்ல மூலம். கை என்றால் இன்னொன்றும் இருக்கிறதே, விரல்ரேகை! மேல்தோல் உரிந்துபோனாலும் அடித்தோலில் அதே கோடுகள் இருக்கும். அலாஸ்காவில் 1948இல் சான்ஃபோர்ட் மலையில் ஒரு விமானம் மோதி, அதில் இருந்த 30 பேரும் இறந்தார்கள். 1999இல் பனியாற்றில் ஒரு கை கிடைத்தது. காய்ந்த விரல்களை மெதுவாக ஈரமாக்கி ரேகையை மீட்டு, கப்பல் தொழிலாளர்களின் பழைய பதிவேட்டில் தேடி, 2007இல் பெயர் சொன்னார்கள். உறவினர் ஒருவரின் டிஎன்ஏவும் ஒத்துப்போனது. அமெரிக்க வணிகக் கப்பல் ஊழியர்களின் கைரேகையை அரசாங்கம் முன்பே வாங்கி வைத்திருந்ததால்தான் இது நடந்தது. 1966இல் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பல் எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்த பம்பாய்க் குடும்பங்களையும் எண்ணிவிடலாம்.

பெரும்பாலான பனியாற்று வழக்குகள் உண்மையில் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே சட்டைப் பையில் முடிந்துவிடுகின்றன. 2025இல் பாகிஸ்தானின் கோஹிஸ்தானில் ஒரு பனியாற்றில் வெளியே வந்த உடலில் அடையாள அட்டை இருந்தது. 28 வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனவர். 1968 பிப்ரவரியில் சண்டிகரிலிருந்து லேவுக்குப் போன விமானப்படையின் ஏஎன்-12 விமானம் 102 பேரோடு ரோத்தாங் கணவாய்ப் பக்கம் மறைந்துபோனது. 2003இல்தான் சிதைவு தெரிந்தது. 2024 செப்டம்பரில் கிடைத்த நான்கு பேரில் பத்தனம்திட்டா மாவட்டத்துப் படைவீரர் உட்பட மூன்று பேரை உடலோடு இருந்த காகிதங்களை வைத்தே அடையாளம் கண்டார்கள். எவரெஸ்டில் 1924இல் மறைந்த ஆண்ட்ரூ இர்வினின் பாதம் 2024இல் ரோங்புக் பனியாற்றில் கிடைத்தபோது, காலுறையில் தைத்திருந்த பெயர்ச்சீட்டுதான் முதலில் பேசியது.

நமக்கு இது புதிதில்லை. மும்பையில் தண்டவாளத்தில் கிடக்கும் பெயர் தெரியாத உடலைப் பார்த்ததும் ரயில்வே போலீஸ்காரர் முதலில் தேடுவது பாஸ், அப்புறம் பேண்ட்டின் டெய்லர் லேபிள். முன்பெல்லாம் துணியில் டோபி போட்ட குறியை வைத்துப் பேட்டையையே கண்டுபிடித்துவிடுவார்கள். 1966 சட்டைக் காலரில் டோபி குறி மிச்சமிருந்தால் அதையும் நான் விடமாட்டேன். ஆனால் பொருள் என்பது துணைச்சாட்சிதான். பேரழிவில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வைத்திருக்கும் முறையில் கைரேகை, பல், டிஎன்ஏ மூன்றும் முதல் நிலை. துணியும் நகையும் இரண்டாம் நிலை. பனியில் பையும் ஆளும் வேறு வேறு வழியில் போயிருக்கலாம். 2012இல் அங்கே கிடைத்த இந்திய அரசின் தூதரகத் தபால் பையும், 2020இல் வெளிவந்த, இந்திரா காந்தி பிரதமராவதைச் சொல்லும் செய்தித்தாள்களும் எந்த விமானம் என்பதைச் சொல்லும். பக்கத்தில் கிடக்கும் விரல் யாருடையது என்று சொல்லாது.

கடைசியாக டிஎன்ஏவும் உறவும். இதில்தான் நம் மக்கள் மிகவும் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒருவரின் சாதாரண டிஎன்ஏவில் பாதி பிள்ளைக்குப் போகும், பேரனுக்குச் சராசரியாகக் கால்வாசி. தலைமுறை இறங்க இறங்கச் சாட்சி பலவீனமாகிறது. ஆகவே மகனோ மகளோ, கூடப்பிறந்தவரோ உயிரோடு இருந்தால் வேலை சுலபம். அண்டார்டிகாவில் 1959இல் பனிவெடிப்புக்குள் விழுந்து இறந்த ஓர் இளம் பிரிட்டிஷ் வானிலை ஊழியரின் எலும்புகள் 2025 ஜனவரியில் கிடைத்தன. அவருடைய தம்பியும் தங்கையும் இன்னும் இருந்தார்கள். அந்த எலும்பு அவர்களுக்கு உறவு இல்லாத ஒருவருடையதாக இருப்பதைவிட, கூடப்பிறந்தவருடையதாக இருக்கும் சாத்தியம் நூறு கோடி மடங்குக்கும் மேல் என்று கணக்கு வந்தது.

கூடப்பிறந்தவர்கள் இல்லையென்றால் இரண்டு நேர்கோடுகள் உண்டு. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பெரியப்பா காணாமல் போயிருந்தால் சித்தப்பா மகனின் ஒய் போதும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் மகனோடு நின்றுவிடும். அதனால் தாய்மாமன் காணாமல் போனால் அவர் சொந்தப் பிள்ளைகளிடம் அது இருக்காது, அக்கா மகனிடமும் அக்கா மகளிடமும் இருக்கும். பெரியம்மா, சித்தி பிள்ளைகளிடமும் இருக்கும். ஒரு செல்லில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், சிதைந்த எலும்பிலும் கடைசிவரை மிஞ்சுவது இதுதான். குறை என்ன என்றால், தாய்வழி உறவினர் எல்லாருக்கும் ஒன்றே என்பதால் இது ஆளைக் காட்டாது, வழியைத்தான் காட்டும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே விபத்தில் போயிருந்தால், அக்கா மகனின் மாதிரியை வைத்து இவர் யார், அவர் யார் என்று பிரிக்க முடியாது.

தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று கல்யாணம் செய்திருந்தால் அதை மாதிரி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கூச்சப்படுவதற்கு இதில் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் தூரத்து உறவுக்காரர்கூட நெருங்கிய உறவுக்காரர்போல ஒத்துப்போவார். குடும்ப மரம் சரியாகத் தெரியாவிட்டால் எங்கள் கணக்கு தவறாக உறுதி சொல்லும்.

இப்போது பாபா. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. தம்பி ஜாம்ஷெட் 2007இல் காலமாகிவிட்டார். டாடா குடும்ப உறவு எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது அப்பாவின் அக்கா தங்கை வழி உறவு. அத்தையிடம் ஒய் கிடையாது, அத்தையின் மைட்டோகாண்ட்ரியா பாபாவிடம் கிடையாது. அம்மா வழிப் பெண்களின் பிள்ளைகள்தான் தேட வேண்டிய இடம். பார்சிகள் தங்களுக்குள்ளேயே மணந்துவந்த சிறிய சமூகம், அந்த விமானத்தில் இன்னொரு பார்சி இருந்திருந்தால் தாய்வழி ஒற்றுமை மட்டும் போதாது. அவர் நாக்கால் நனைத்து ஒட்டிய உறையோ, பயன்படுத்திய சீப்போ எங்காவது பத்திரமாக இருந்தால் நேரடியாக அவருடைய டிஎன்ஏவையே எடுத்து ஒப்பிடலாம். ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் 117இல் ஒருவர் அவர். மிச்சம் 116 பேருக்கும் குடும்பங்கள் இருந்தன, கிடைக்கும் விரல் அவர்களில் ஒருவருடையதாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். சதி நடந்தது என்று இணையத்தில் எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கையால் எந்தப் பயனும் இல்லை. ஒரு கை யாருடையது என்று சொல்லும், விமானம் ஏன் விழுந்தது என்று சொல்லாது.

பட்டியல் மூடியதாக இருப்பது பெரிய வசதி. உலகத்தில் யாரோ என்று தேடாமல் 165 பெயர்களுக்குள் தேடலாம். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலப் போலீஸ் 1925லிருந்து மலைகளில் காணாமல் போன சுமார் 300 பேரின் பட்டியலை வைத்திருக்கிறது. 1986இல் மறைந்த ஜெர்மன் மலையேறி 2023இல் தியோடுல் பனியாற்றில் வெளியே வந்தபோது வேகமாகப் பெயர் சொன்னதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம். நம் நாட்டில் காணாமல் போனவர்களின் உறவினர் டிஎன்ஏவைத் தொகுத்து வைக்க வழிசெய்யும் மசோதா 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, 2023இல் திரும்பப் பெறப்பட்டது. தனிமனித ரகசியம் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் குறைந்தபட்சம் விரும்பிக் கொடுப்பவர்களின் மாதிரியையாவது வாங்கி வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

உங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஏதாவது அந்த இரண்டு விமானங்களில் ஒருவரை இழந்திருந்தால், தம்பி, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 1966இல் இறந்தவரின் பிள்ளைகளுக்கே இப்போது அறுபதுக்கு மேல், 1950 என்றால் எழுபத்தைந்துக்கு மேல். வீட்டில் மூத்தவர் யார் என்று பார்த்து அவரிடம் முதலில் மாதிரி எடுக்க வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்ப்பதுதான், வலிக்காது. ஒரு தாளில் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் தாத்தா பாட்டிவரை எழுதி, இறந்தவர் கைப்பட எழுதிய கடிதம் இருந்தால் உறையோடு காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் கோத்துவிடும். மும்பையில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதும்போது மோன் பிளாங் அடிவாரத்தில் இருக்கும் ஷமோனி ஊரின் மலைமீட்புப் போலீஸுக்கும் ஒரு பிரதி போடச் சொல்லுங்கள். அங்கே கோடையில்தான் பனி உருகி ஏதாவது வெளியே வரும், கடிதம் அதற்கு முன்னால் போய்ச் சேருவது நல்லது.